அணை மட்டம் பார்த்து விடியும் ஊர்

முதல் நாள்

திருநெல்வேலி சந்திப்பில் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் ஏறி, இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன். மேற்கே போகும்போது மலை அந்தப் பக்கம்தான் வரும். பேட்டையைத் தாண்டியதும் தாமிரபரணியைக் கடந்தோம். தை மாதத்து ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையின் தண்ணீர் இன்னும் தேங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கரையோர நாணல் இடுப்பளவு நனைந்து நிற்கிறது. சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் என்று நிலையங்கள் வரவர, வானத்தின் அடியில் நீலமாகத் தெரிந்த கறை கொஞ்சம் கொஞ்சமாக மலையாகத் திரண்டது. காருக்குறிச்சி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது. நாகசுரம் அருணாசலத்தின் ஊர். ரயில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பியது.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன். இங்கே யாரும் முழுப் பெயரையும் சொல்வதில்லை, ‘கல்லிடை’தான். தோழியின் பூர்வீக வீடு இங்கே அக்கிரகாரத்தில் இருக்கிறது. அவள் குடும்பம் மும்பையில். வீடு பூட்டியே கிடக்கிறது, போய்ச் சில நாள் விளக்கேற்றிவிட்டு வா என்றாள். முப்பது ஆண்டுகள் சென்னைப் பள்ளிகளில் புவியியல் நடத்தினேன். ‘வற்றாத ஆறு: தாமிரபரணி’ என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆற்றங்கரையில் ஒரு வாரம்கூட வாழ்ந்ததில்லை. கோடைதோறும் தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்ததுதான் எனக்குத் தெரிந்த தண்ணீர்.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று வீடு நீண்டுகொண்டே போகிறது. சாவியைக் கொடுத்த பக்கத்து வீட்டு மாமி, “குடிக்கக் குழாய்த் தண்ணீர் காலையில் வரும். குளிக்க ஆறு இருக்கிறது, கால் இருக்கிறது. எது வேண்டுமோ அங்கே போய்க்கொள்ளுங்கள்” என்றார். கால் என்றால் வாய்க்கால். கன்னடியன் கால். கொல்லைக் கதவைத் திறந்து சந்தில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். இருட்டில் போய் நின்றேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, போகிற சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் நாள்

விடிவதற்கு முன்பே மாமியுடன் ஆற்றுக்குப் போனேன். மாமிக்கு எழுபது வயது இருக்கும். படியில் இறங்கும்போது அவர் கால் தயங்கவே இல்லை. எந்தப் படி உடைந்திருக்கிறது, எங்கே பாசி, எந்த இடத்துக்கு அப்பால் கசம் என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. கசம் என்பது ஆற்றில் ஆழமான மடு. “அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், அங்கே ஆள் முழுகும்” என்று முதலில் அதைத்தான் காட்டினார். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் இறங்கவிட்டார்.

மலைத் தண்ணீர். முதல் முழுக்கில் மூச்சு அடைத்தது. மூன்றாவது முழுக்கில் உடம்பு பழகிவிட்டது. சின்ன மீன்கள் கணுக்காலைக் கொத்திக்கொண்டே இருந்தன. மேற்கே பனி விலகி, மலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியபோது அழுகை வந்துவிட்டது. மாமி பார்க்காததுபோல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் டீக்கடை. நான்கைந்து பேர் செய்தித்தாளைப் பங்கு போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருக்கிறது: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் அன்றைய நீர்மட்டம். பாபநாசம் நிறைந்தால் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த மூன்று எண்ணும் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். “எவ்வளவு அண்ணாச்சி?” என்று தெருவில் போகிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார். பதில் வருகிறது. தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஒரு நாளைக்கு அது போதும் போலிருக்கிறது.

அதே பெட்டியில் மழை அளவும் வரும். மழைக்காலத்தில் அதில் எப்போதும் முதலில் நிற்கும் பெயர்கள் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. மேலே தெரிகிற அந்த மடிப்புகளுக்குள் இருக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். அங்கே பெய்வதுதான் இங்கே பயிர்.

மூன்றாம் நாள்

இன்று முழுவதும் வாய்க்காலோடு நடந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரே மாவட்டத்தில் பிறந்து அதிலேயே முடிந்த ஆறு என்று பழைய பாடநூல்கள் சொல்லும். தூத்துக்குடி பிரிந்த பிறகு இரண்டு மாவட்டங்கள். இந்தச் சிறிய தூரத்தில் அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டியது. மற்றவை அவர்களுக்கு முற்பட்டவை. நதியுண்ணி! நதியை உண்பது. அணைக்குப் பெயர் வைத்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

கன்னடியன் அணையிலிருந்து பிரியும் கால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு பிராஞ்சேரி வரை போகிறது. காலின் கரையில் நடந்தால் ஒரு பக்கம் தென்னையும் வாழையும், மறுபக்கம் பள்ளத்தில் நெல். இப்போது பிசானம். இங்கே இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: ஆனியில் அணை திறந்து விதைக்கும் கார், ஐப்பசியில் தொடங்கும் பிசானம். பயிர் கதிர்விட்டிருந்தது. ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்தேன், பால்.

மடை ஒன்றைத் திறந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “எந்த ஊர்ப் பிள்ளை?” என்றார். அறுபத்திரண்டு வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறார். வரப்பில் உட்காரச் சொல்லி, கால் வந்த கதையைச் சொன்னார்.

சேர நாட்டு அரசன் ஒருவனுக்குத் தீராத நோய். தன் உருவத்தில் பொம்மை செய்து, உள்ளே பொன்னும் மணியும் நிரப்பி, நோயை அதற்கு இறக்கித் தானம் கொடுத்தால் தீரும் என்றார்கள். வாங்கினால் நோயும் சேர்ந்து வரும் என்பதால் யாரும் முன்வரவில்லை. கன்னட தேசத்திலிருந்து வந்த ஓர் அந்தணன் தன் தவப் பலனை ஈடாக வைத்து அதை வாங்கிக்கொண்டான். இவ்வளவு பொன்னை என்ன செய்வது என்று பொதிகைக்கு ஏறி அகத்தியரைக் கேட்டான். “ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போ. அது போகிற வழியெல்லாம் கால் வெட்டு. அது படுக்கிற இடத்தில் குளம் வெட்டு. கோமியம் விடுகிற இடத்தில் மடை வை” என்றாராம். வெட்டியவன் பேர் யாருக்கும் தெரியாது. கன்னடியன் என்று தேசத்தின் பேர்தான் காலுக்கு நின்றது.

கதையைக் கேட்டுக்கொண்டே எதிரே கால் வளைந்து போவதைப் பார்த்தேன். எனக்குள் இருந்த புவியியல் ஆசிரியை விழித்துக்கொண்டாள். மேய்கிற பசு தன்போக்கில் போனால் மேட்டில் ஏறிச் சிரமப்படாது, பள்ளத்திலும் குதிக்காது. சரிவு தெரியாத சமமான வழியாகப் பார்த்து நடக்கும். மலையடிவாரத்தில் வாய்க்கால் வெட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த வழிதான். உயரம் இழக்காமல், மெல்ல மெல்லச் சரிந்து, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் நிலத்தைக் கண்ணாலும் காலாலும் அளந்த ஒருவனின் அறிவைத்தான் ஊர் இந்தக் கதைக்குள் பொதிந்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சமவுயரக் கோடு என்று நான் முப்பது ஆண்டு வகுப்பில் வரைந்ததை, இந்தப் பெரியவர் பசுவின் வால் என்கிறார்.

இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், சிவகளையில் கிடைத்த ஈமத்தாழிக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு காட்டியதாகச் சட்டமன்றத்தில் 2021-இல் அறிவித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளாக இந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது. பெரியவரிடம் சொன்னேன். “பின்னே, வேறு என்ன விளையும்?” என்றார். அவருக்கு அதில் வியப்பே இல்லை.

நான்காம் நாள்

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அம்பாசமுத்திரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடுகிறது. நேற்றைய கதையின் மறுபாதி அங்கே இருந்தது.

ஆற்றங்கரையில் காசிபநாதர் கோவில். ஊர் வழக்கில் எரிச்சாவுடையார். அந்தக் கன்னடியன் மலைக்குப் போகுமுன் தன் பொன்னை இந்தக் கோவில் அர்ச்சகரிடம் கொடுத்து வைத்தானாம். திரும்பி வந்து கேட்டபோது அவர் மறுத்தார். சந்நிதியில் சத்தியம் செய்யச் சொன்னபோது, இறைவனை மந்திரத்தால் பக்கத்துப் புளியமரத்துக்கு மாற்றிவிட்டு, வெறும் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்யத் திட்டமிட்டார். கன்னடியனுக்குக் கனவில் தெரிந்துவிட்டது. “புளியமரத்தைக் கட்டிப்பிடித்துச் சத்தியம் செய்யும்” என்றான். அர்ச்சகர் எரிந்துபோனார். எரித்து ஆட்கொண்டவர் என்பதே எரிச்சாவுடையார். ஆற்றுத் தண்ணீருக்கு என்று வைத்த பொன்னில் கை வைத்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த தண்டனை அது. கதைதான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்பாசமுத்திரத்தின் பழைய பெயர் இளங்கோய்க்குடி. வரகுண பாண்டியனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இந்த ஊருக்கு உரியது. தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரையில் அரைசூர் என்ற இடத்தில் இருந்தபடி அரசன் இந்தக் கோவிலுக்கு 290 காசு கொடுக்கிறான். ஊர்ச்சபை அதை வைத்துக்கொண்டு, முதல் கெடாமல், காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் அளக்க வேண்டும். அரசன் வேறோர் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இந்த ஆற்றங்கரையின் நெல்லைக் கணக்குப் போட்டிருக்கிறான். பொன்னுக்கு நெல் வட்டியாக வர வேண்டுமென்றால், ஆண்டுதோறும் தவறாமல் விளையும் என்ற உறுதி இருந்திருக்க வேண்டும். வானத்தை மட்டும் நம்பிய ஊரில் இப்படி எழுதிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பிற்பகலில் ஆட்டோ பிடித்துத் திருவாலீஸ்வரம் போனேன். வயலுக்கு நடுவே சோழர் காலத்து வாலீஸ்வரர் கோவில். ஒருவரும் இல்லை. விமானத்தின் மேல்தளத்தில் சிவன் ஆடுகிறார், எரிக்கிறார், இடபத்தோடு சாய்ந்து நிற்கிறார். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ‘மூன்றுகை மகாசேனை’ என்ற சோழப் படைப்பிரிவு தன் வெற்றிகளைச் சொல்லி, இந்தக் கோவிலைக் காப்பதாகப் பொறித்துவைத்த கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. அத்தனை பெரிய சேனை போய்விட்டது. இப்போது காவலுக்கு மைனாக்கள்தான்.

அம்பையில் இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன்: நெல் ஆராய்ச்சி நிலையம். 1937-இல் தொடங்கியது. ‘அம்பை 16’ என்று விவசாயிகள் சொல்லும் நெல் 1986-இல் இங்கிருந்துதான் வந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். கல்வெட்டு அளவுக்கு அந்தப் பெயர்ப் பலகைக்கும் வணக்கம் செலுத்தத் தோன்றியது.

ஐந்தாம் நாள்

தை அமாவாசை. விடியற்காலை முதல் ஆற்றுப் படிகளில் இடம் இல்லை. எள்ளும் தண்ணீரும். என் அப்பாவை நினைத்து நானும் ஒரு கை நீர் விட்டேன். முறைப்படி செய்யத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. பகலில் மாமி வாழைக்காயும் பூசணிக்காயும் சமைத்துப் போட்டார். பாபநாசத்தில் இதைவிடப் பல மடங்கு கூட்டமாம். நாளை போகிறேன்.

ஆறாம் நாள்

கை நடுங்காமல் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

பாபநாசம் பஸ் விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகிறது. அருவித் தண்ணீரின் வேகத்தில் இயந்திரம் ஓட்டலாம் என்று கண்டு, ஹார்வி சகோதரர்கள் 1880-களில் இங்கே நூற்பாலை தொடங்கினார்கள். ஊரே அந்த ஆலையின் கையில் வளர்ந்தது. பாபநாசநாதர் கோவில் ஆற்றை ஒட்டியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய ஆறு சமவெளியில் முதலில் கால் வைக்கும் இடம். படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் பொரிக்காகக் கூட்டமாக வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்தன. ஒரு சேலைக்கு அடியிலிருந்து வந்தன.

அமாவாசைக்கு மறுநாள் ஆற்றில் கிடந்ததை எப்படிச் சொல்வது? வேட்டி, சேலை, சட்டை, உள்ளாடை, குழந்தைச் சட்டை. பாறை இடுக்கு முழுதும், வேர் முழுதும், படி முழுதும். முழுக்குப் போட்டபின் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டால் பாவமும் தோஷமும் அதோடு போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எந்தச் சாத்திரம் இதைச் சொல்கிறது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். “ஒன்றும் சொல்லவில்லை அம்மா. ஒருத்தர் போட்டார், பார்த்து இன்னொருத்தர் போட்டார்” என்றார். துப்புரவுப் பணியாளர்கள் மூன்று பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துணியை இழுத்து இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த துணியின் கனம் இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். நானும் இறங்கி இழுத்தேன். மணலில் பாதி புதைந்த ஒரு சேலையை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இந்தத் தண்ணீர்தான் அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, தூத்துக்குடி என்று போகிற வழியெல்லாம் குடிநீர். முழுகி எழுகிறவர் தயவுசெய்து தம் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். என்னைப்போல் வெளியூரிலிருந்து வருகிறவர்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கல்யாண தீர்த்தத்துக்குப் போகிற மனநிலை இல்லை. 1925 ஜூனில், அந்த அருவியில் தவறிவிழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து வ.வே.சு. ஐயர் உயிரைவிட்டார். சேரன்மகாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் தமிழ்நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். முதல் நாள் ரயிலில் அந்த நிலையத்தைக் கடந்தபோது இதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. இன்று அக்கிரகாரத்துத் திண்ணைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது வந்தது. இதே ஆற்றங்கரையில் யார் எந்தப் படியில் இறங்கலாம் என்று ஒரு கணக்கு இருந்திருக்கும் அல்லவா? மாமியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இருந்தது” என்றார்.

ஏழாம் நாள்

காலையில் வெயில் நன்றாக அடித்ததால் தெருவில் அப்பளம் காய்ந்தது. கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம் என்பது ஊரறிந்தது. உளுந்து மாவு, பெருங்காயம், அப்பளக்காரம் சேர்த்து இடித்து, எண்ணெய் தொட்டு உருட்டி, வட்டமாக இடுகிறார்கள். நானும் பத்து இட்டேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. “பொரித்தால் எல்லாம் ஒன்றுதான்” என்று ஆறுதல் சொன்னார்கள். மதியம் எனக்காக உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பளம் இட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் நடராஜர் கதையைச் சொன்னார்கள். இங்கே குலசேகரமுடையார் கோவிலின் ஐம்பொன் நடராஜர் 1982-இல் திருடுபோனார். பல கை மாறி, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் முயற்சியால் 2019 செப்டம்பரில் திரும்பினார். முப்பத்தேழு ஆண்டு! “அவர் போனபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திரும்பி வந்தபோது பேரன் இடுப்பில்” என்றார் ஒருவர். தெருவெல்லாம் கோலம் போட்டார்களாம். அதைச் சொல்லும்போது மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஆதிவராகப் பெருமாள் கோவில். முத்துசாமி தீட்சிதர் ஆபோகியில் பாடிய பெருமாள். எனக்குப் பாட வராது. பாட வருகிறவர்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும்.

எட்டாம் நாள்

மணிமுத்தாறு அணைக்குப் போனேன். காமராஜர் ஆட்சியில் கட்டியது. கரையின் நீளத்தை நடந்தே கடந்தேன்; ஒரு பக்கம் கடல்போல் தண்ணீர், அதற்கு மேல் அடுக்கடுக்காக மலை. அந்த மலைக்குள்தான் மாஞ்சோலை.

கீழே கடையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மா. நாலுமுக்கில் பிறந்து, நாலுமுக்கிலேயே கொழுந்து பறித்து, இப்போது கீழே வாடகை வீட்டில் இருக்கிறார். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 8,373 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்திடம் போனது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டார்கள். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்தது. 2028-இல் குத்தகை முடிய வேண்டியது. 2024-இலேயே வேலை நின்றது. காடு இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆற்றின் தலைப்பகுதி காடாகவே இருக்க வேண்டும் என்பது சரி. அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் எங்கே போவது என்பதும் அதே அளவுக்குச் சரியான கேள்வி. இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் நினைக்க முடிகிறது.

“கூலி கேட்டு ஊர்வலம் போனோம். என் சித்தி மகன் ஆற்றிலிருந்து கரையேறி வந்தான். வராதவர்கள் பதினேழு பேர்” என்றார். 1999 ஜூலை 23. திருநெல்வேலியில் போலீஸ் தடியடிக்கு ஓடித் தாமிரபரணியில் இறங்கியவர்கள். கையில் குழந்தையோடு இறங்கிய தாயும் அந்தப் பதினேழில் உண்டு. மேலே இவர்கள் நனைந்து பறித்த மழைதான் கீழே ஆறாகப் போனது; அதே ஆற்றில் முடிந்தார்கள். “இப்போதும் காலையில் பேப்பரில் நாலுமுக்கில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பேன்” என்றார் அந்த அம்மா. டீக்குக் காசு கொடுக்க அவர் என்னை விடவில்லை.

ஒன்பதாம் நாள்

திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். இந்த ஊரை நான் கடைசிக்கு வைத்திருந்தது நல்லதாயிற்று.

பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே சத்தம். மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரைகள். மஞ்சள் மூக்கு நாரை கூட்டுக்குக் குச்சி கொண்டுவருகிறது, வைக்கிறது, பிடிக்காமல் மறுபடி எடுத்து வைக்கிறது. கீழே எச்சம் வெள்ளையடித்ததுபோல. வீட்டுக் கூரை, கிணறு, துணிக்கொடி எதுவும் தப்பவில்லை. ஊர்க்காரர்கள் பறவைகளைத் துரத்துவதில்லை. தலைமுறைகளாக அவர்கள் காத்து வந்ததால்தான் 2005-இல் இது ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற வகைப் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது இதுதான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. விழுந்த குஞ்சைத் தூக்கி வைத்து மீன் ஊட்டிய கதை எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒரு பையன், “கொக்கு வேறு, நாரை வேறு, ஆச்சி” என்று எனக்குப் பாடம் நடத்தினான். இந்தப் பயணத்தில் நான் பிள்ளையும் ஆகியிருக்கிறேன், ஆச்சியும் ஆகியிருக்கிறேன்.

நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன. குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கூட இருக்கிறது. இன்று கோபுரக் கதவு பூட்டியிருந்தது. அதற்காகவே இன்னொரு முறை வர வேண்டும்.

சந்நிதியில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் ஆற்றின் அக்கரைக்கு வந்தபோது வெள்ளமாம். கடக்க முடியாமல் நின்று, “நாறும்பூநாதா!” என்று கூப்பிட்டார். வெள்ளச் சத்தத்தில் குரல் சரியாகக் கேட்காததால், காதைச் சாய்த்துக் கேட்டாராம் இறைவன். அப்படியே இருந்துவிட்டார். இந்த ஆற்றங்கரையில் கேட்ட கதைகளில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இது. ஆறு கூச்சலிடும்போது, அக்கரையில் நிற்கிறவன் குரலுக்காகத் தலையைச் சாய்க்கிற ஒருவர்.

வெளியே வந்து படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆறும் கலக்கும் இடத்தில் நீர்க்காகம் ஒன்று முழுகி, வெகுநேரம் கழித்து வேறோர் இடத்தில் எழுந்தது.

பத்தாம் நாள்

காலை ரயில். வீட்டைப் பெருக்கி, விளக்கைத் துடைத்து, சாவியை மாமியிடம் கொடுத்தேன். அப்பளக் கட்டு ஒன்று கொடுத்தார். நான் இட்ட கோணல் அப்பளமும் அதில் இருக்கிறதாம். ஆற்றுக்குப் போய் ஒரு முழுக்கு போட்டுவிட்டு ஈரத்துணியைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டேன். பையின் ஒரு மூலை இன்னும் சொட்டுகிறது.

நிலையத்துக்குப் போகும் வழியில் டீக்கடை. மூன்றாம் நாள் பார்த்த அந்த மடைப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாராம். செய்தித்தாளை என்னிடம் நீட்டினார். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாபநாசம் நேற்றைவிட அரை அடி இறங்கியிருந்தது. வாசித்துச் சொன்னேன். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

“அறுப்பு வரை தாங்கும் பிள்ளை” என்றார்.